நழுவிய கை

சுனாமிக்குப் பிறகு, மாமல்லபுரத்தை அடுத்த முகாமில் குழந்தைகளோடு தத்துவம் பேச ஓர் அம்மா வந்தார். நான் கல்பாக்கத்திலிருந்து அங்கே உதவிக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்குக் குள்ள உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி. ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயே திறக்கமாட்டார்.

ஒருநாள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அலை வந்தப்போ தம்பி கைய நான்தான் வுட்டுட்டேன். அப்போ நான்தானே அவன சாவடிச்சேன்?"

"இல்லம்மா" என்று வாயெடுத்தேன். அந்த அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக் கேட்டார்: "கையை விடறதும் கை நழுவறதும் ஒண்ணா?"

'ஒண்ணுதான்' என்று எந்தப் பிள்ளையாவது சொல்லிவிட்டால்? எனக்கு வியர்த்துக் கொட்டியது.

கடைசியில் ஒரு பையன் சொன்னான்: "வுடறதுன்னா நாம நெனச்சு வுடணும். நழுவுறது நம்மள கேட்டுகினா நழுவுது?"

அந்தச் சிறுமி தன் கையைப் பார்த்தாள். "எனக்கு நழுவிச்சு" என்றாள். முகாமுக்கு வந்து முதல்முறையாக அழுதாள்.

பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன்: "ஒண்ணுதான்னு சொல்லியிருந்தா?"

"அந்த பயத்தோடதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

அது துணிச்சலா, விபரீதமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டேன். அப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்க ஒருநாளும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.