சந்தனம் பூசிய பச்சை அட்டை

ஆயுத பூஜை வந்தால் எதற்குப் பொட்டு வைப்பது, எதை விடுவது என்று நம் ஆட்களுக்கு ஒரு கணக்கே கிடையாது. லாரிக்கு வைக்கிறோம், கம்ப்யூட்டருக்கு வைக்கிறோம், சரி. கூடுவாஞ்சேரியில் பதினான்கு மாடி எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில், சாரத்தின் ஏணியில் தொங்கிய பாதுகாப்பு அட்டையையும் விடவில்லை. அதுவும் சின்னப் பொட்டு இல்லை. எழுத்தே தெரியாதபடி சந்தனத்தை வழித்து அப்பி, நடுவில் குங்குமம்.

அந்த அட்டைதான் என் பிழைப்பு. சாரம் கட்டி முடித்ததும் நான் ஒவ்வொரு தட்டாக ஏறி, பலகையை மிதித்துப் பார்த்து, கிளாம்ப்பை இழுத்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கட்டுவேன். ஏழு நாளைக்கு அது செல்லும். ஒழுங்காக இல்லையென்றால் சிவப்பு அட்டை. சிவப்பு தொங்கினால் யாரும் ஏறக்கூடாது. இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஜயதசமி அன்று செங்கல்பட்டிலிருந்து ரயில் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, ஒன்பதாவது மாடிச் சாரத்தில் இரண்டு பெயிண்டர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். புது வேலையை அன்றைக்குத் தொடங்கினால் நல்லது என்று நல்ல நேரம் பார்த்து ஏறிவிட்டார்களாம். நான் எப்போதும் போல உள்படிக்கட்டு வழியாக ஏறி, ஆறாவது மாடியில் ஜன்னலுக்கு விட்டிருந்த திறப்பில் தலையை நீட்டிப் பார்த்தேன். சாரத்தைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் குறுக்குப் பைப்பு ஒன்றுகூட இல்லை. ஏழிலும் இல்லை. எட்டிலும் இல்லை. கையால் லேசாகத் தள்ளினேன். மொத்தச் சாரமும் ஒரு சாண் வெளியே போய்த் திரும்பி வந்தது. கடல் பக்கமிருந்து காற்று வேறு கிளம்பியிருந்தது.

ஒன்பதாவது மாடிக்கு ஓடினேன். அவர்கள் ஏணியில் இறங்கினால் இன்னும் ஆடும். அதனால், "பிரஷ்ஷைக் கீழே வையுங்க. ஒருத்தர் பின்னால் ஒருத்தரா பால்கனிக்குள்ளே வாங்க" என்று எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். இளையவர் சட்டென்று உள்ளே வந்துவிட்டார். மூத்தவர், கருங்குழிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசாவது பெரியவர், பெயிண்ட் வாளியை விட மனசில்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு காலை எடுத்து வைத்தார். அவர் கால் பால்கனித் தரையில் படும்வரை நான் மூச்சு விடவில்லை.

கீழே இறங்கி சாரம் மேஸ்திரியைப் பிடித்தேன். நல்ல மனுஷர், இந்த வேலையில் முப்பது வருஷம். அதுதான் எரிச்சல்.

"பைப்பெல்லாம் எங்க மேஸ்திரி?"

"பூஜைக்கு மொத நாளு பூச்சு வேலைக்காரங்க கயட்டினாங்க மேடம். அது குறுக்க இருந்தா பூச முடியலன்னாங்க."

"ஒண்ணைக் கழட்டினா பக்கத்துல ஒண்ணு போடணும்னு உங்களுக்குத் தெரியாதா? சரி, பூசி முடிச்சதும் ஏன் மாட்டல?"

"மாட்டலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஸ்பேனரெல்லாம் கயுவி பூஜைல வெச்சுட்டாங்க. இப்பவும் அங்கதான் கீது. இன்னும் புனர்பூஜை ஆவல. ஆவாம எடுக்கக்கூடாது மேடம்."

"பெயிண்டருங்க மட்டும் பிரஷ்ஷை எடுக்கலாமா?"

"அது புதுசு மேடம். கடைலேந்து நேரா வந்துது. பூஜைல வெக்கல."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு நுணுக்கமாகச் சாஸ்திரம் பார்க்கிறவருக்குச் சுவரில் பைப்பு இல்லாதது மட்டும் கண்ணில் படவில்லை.

"குறைஞ்சது சிவப்பு அட்டையையாவது கட்டியிருக்கலாமில்ல?"

அவர் முதல் முறையாக என்னைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார். "இன்னா மேடம், பூஜை அன்னிக்கிப் போயி செவப்பு அட்ட கட்டுவாங்களா? ஆயுதத்துக்கு முன்னாடி அபசகுனமா இருக்காதா? அதான் பச்சயக் கட்டி சந்தனம் வெச்சேன்."

அப்புறம் நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கால் மணி நேரம் பேசினேன். யாரைக் கேட்டுப் பச்சை கட்டினீர்கள், எவன் கையெழுத்துப் போட்டது, அவனை இங்கே கூப்பிடுங்கள், இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றெல்லாம் கத்தினேன். மேஸ்திரி வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையைப் பிடுங்கி, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன்.

என் கையெழுத்து.

தேதி மேஸ்திரியின் கோணல் எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே நான்தான் இருந்தேன். அப்போது ஞாபகம் வந்தது. போன மாதம் ஊரப்பாக்கத்தில் ஒரு கட்டடம், கருங்குழியில் ஒரு கிடங்கு, இது ஒன்று என்று மூன்று இடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு கத்தை பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். "நீங்கதான் பார்க்கறீங்களே, தேதியை மட்டும் போட்டுக்கோங்க" என்றேன். கொடுத்ததையே மறந்துபோனேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் அவர்மேல்தான் கோபம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல்.

மிச்ச அட்டைகளைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து, பத்திரமாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்ததைக் கொடுத்தார். அங்கேயே கிழித்துப் போட்டேன். பிறகு பூஜை வைத்திருந்த கொட்டகைக்குப் போய், பாவம் வந்தால் எனக்கு வரட்டும் என்று ஸ்பேனரில் கை வைத்தேன். மேஸ்திரி பதறி ஓடி வந்து கற்பூரத்தை ஏற்றினார். புனர்பூஜை இரண்டே நிமிஷத்தில் முடிந்தது.

பைப்புகளை மாட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. அதற்குமேல் நான் ஒவ்வொரு தட்டாக ஏறினேன். ஒவ்வொரு கிளாம்ப்பையும் இழுத்துப் பார்த்தேன். சிமெண்டுத் தூசி உடம்பெல்லாம் அப்பிக்கொண்டது. இறங்கி வந்து புது அட்டையில் தேதியும் கையெழுத்தும் நானே போட்டு, ஏணியில் கட்டினேன்.

கருங்குழிக்காரப் பெயிண்டர் சாப்பிட்ட கேரியரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். காலையில் நீங்கள் அட்டையைப் பார்க்காமலா ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"பூஜை அன்னிக்கே பாத்தேனே மேடம், சந்தனம் வெக்கறதுக்கு முந்தி. எனக்குப் படிக்க வராது. ஆனா ஒங்க கையெழுத்து எப்பிடி இருக்கும்னு தெரியும். அது இருந்துது, ஏறிட்டேன்."

புது அட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. குனிந்து என் ஷூவைப் பார்த்தார். அதில் ஒன்பதாவது மாடிச் சாரப் பலகையில் சிந்திய பெயிண்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் ஏணியில் கை வைத்தார்.