தேவமலர் காட்டிய பிராக்கு

அகராதியில் அது பராக்கு. கவனம் வேறு பக்கம் போவது. யாழ்ப்பாணத்து வாயில் பிராக்கு. பிள்ளை பிராக்குப் பார்த்தால் ஏச்சு விழும். தாயே பிராக்குக் காட்டுவதும் உண்டு: காகத்தைக் காட்டி, பிள்ளை வாய் பிளக்கும்போது சோற்றை வைத்துவிடுவாள்.

ஜேர்மனியில் பீலெஃபெல்ட் அகதி விடுதியில் இந்த வேலைக்குத் தேவமலரை விட்டால் ஆளில்லை. தனக்கென்று பிள்ளையில்லை. அடுத்த அறைக் குணேஸ்வரியின் மகள் அவளிடம் மட்டுமே சாப்பிட்டாள்.

எண்பத்தாறாம் ஆண்டு மாரியில் ஒரு பின்னேரம் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவர் விடுதியில் வயதில் மூத்த தம்பித்துரை. குணேஸ்வரியின் கணவன் ஊரில் தன் கடை வாசலில் நின்றபோது ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதில் செத்துப்போனான். குணேஸ்வரிக்கு விடிந்தால் அகதி விசாரணை.

தம்பித்துரை சமையலறைக்கு வந்து தேவமலரிடம் மட்டும் சொன்னார்.

“இப்ப சொன்னமெண்டால் நாளைக்கு அவள் வாய் திறக்கமாட்டாள். இந்த டேர்மின் திகதி போனால் பிறகு எப்ப குடுப்பாங்களோ. விசாரணை முடியுமட்டும் நீதான் பிராக்குக் காட்ட வேணும், தங்கச்சி.”

“அவள் என்ன சின்னப் பிள்ளையே, அண்ணை?”

“உனக்கு முன்னாலை நாங்களெல்லாம் சின்னப் பிள்ளையள்தான்.”

அன்றைக்குத் தேவமலர் வாயை மூடவேயில்லை. குணேஸ்வரிக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள். மூன்று சீலையை மாற்றி மாற்றி உடுத்திப் பார்க்கவைத்தாள். கூடத்தில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பகிடி விட்டாள்.

“உந்தச் சீலையோடை போ. விசாரிக்கிற டொச்சுக்காரன் கேள்வியை மறந்துபோவான்.”

“சும்மா இருங்கோ அக்கா, வயிறு நோகுது.” குணேஸ்வரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தபோதும் அவள் முகத்தில் சந்தோசம் இருந்தது.

“பயப்பிட ஒண்டுமில்லை அக்கா. புருசனுக்கு ஊரிலை ஆபத்தோ எண்டு கேட்டாங்கள். நான் ஏன் பொய் சொல்லுவான்? சுகமாய்க் கடை நடத்துறார், ஒரு கரைச்சலுமில்லை எண்டனான்.”

தம்பித்துரை கதிரையில் இருந்துவிட்டார். இந்தக் கேள்வி வருமென்று இருவரும் நினைத்திருக்கவில்லை.

தேவமலர்தான் சொன்னாள். குணேஸ்வரி உடனே அழவில்லை.

“எப்ப தெரியும்?”

“நேற்றுப் பின்னேரம்.”

“நேற்று எனக்குத் தலை இழுத்தனீங்கள்.”

மாரி முடிய மறுப்பு வந்தது. கணவன் ஆபத்தில்லாமல் இருக்கிறான் என்று மனுதாரரே சொல்லியிருக்கிறார். மரணச் செய்தி பிறகு சேர்க்கப்பட்டது, நம்புவதற்கில்லை. மேன்முறையீட்டில் தானே வந்து நடந்ததைச் சொல்லவா என்று தேவமலர் குணேஸ்வரியின் கதவடியில் நின்று கேட்டாள்.

“வேண்டாம் அக்கா. நீங்கள் வாய் திறந்தால் எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருப்பாங்கள். அவர் செத்ததை ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள்.”

குணேஸ்வரி தேவமலரைக் கூட்டாமல்தான் போனாள். மகளையும் அவளிடம் விட்டுவிட்டுப் போகவில்லை.