மஞ்சள் வாசனையோடு வந்த குழந்தை

இல்லை, ஊசியைப் பற்றி அந்தக் குழந்தையின் வீட்டார் முதலில் எதுவும் கேட்கவில்லை.

முதலில் வந்தது மஞ்சள் வாசனை. அதன் பின்னால்தான் அந்தக் குழந்தை. இரண்டாம் வகுப்பு. மாங்காட்டில் அந்த வாரம்தான் அவளுக்கு மஞ்சள் நீராட்டு முடிந்திருந்தது. இவ்வளவு சின்ன வயதிலா என்று அம்மாவுக்கு மனசு கேட்காமல் அழைத்து வந்திருந்தார்.

பூந்தமல்லி கிளினிக்கில் நான் சேர்ந்த புதிது. குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டர். எக்ஸ்ரேயில் அவள் கை எலும்புகள் வயதைத் தாண்டி ஓடியிருந்தன. அப்படியே விட்டால் உயரம் சீக்கிரமே நின்றுவிடும். பருவத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க ஊசி இருக்கிறது, பிறகு உரிய வயதில் தானாக வரும் என்றேன். தெளிவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்...

கூட வந்திருந்த, பட்டறை வைத்திருக்கும் தாய்மாமன்தான் பேசினார்.

"ஞாயித்துக்கெழம ஊரையே கூப்ட்டு சோறு போட்டு, தட்டு தட்டா சீர் வெச்சேன். இன்னிக்கி நிறுத்திடலாம்ன்றீங்க. கேட்டா இன்னா சொல்றது டாக்டரம்மா? சீர திருப்பி எடுத்துகினேன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

குழந்தை என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள்.

"நான் இப்ப பெரிய பொண்ணா, சின்ன பொண்ணா? அம்மா வெளாட உடல."

"சின்ன பொண்ணுதான். போய் விளையாடு."

அவள் ஓடுவதை மாமன் பார்த்தார். பிறகு, புள்ள வளரட்டும், போடுங்க என்றார்.

அவள் கேட்ட கேள்விதான் என்னை ஆராய்ச்சிப் பக்கம் தள்ளியது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையா, தெரியவில்லை. இப்போது பாதி நாள் லேபில். பருவத்தைத் தொடங்கச் சொல்லி மூளை எப்போது முதல் செய்தி அனுப்புகிறது, ஏன் அப்போது... இரத்த மாதிரிகள். எண்கள்.

போன வாரம் அவள் அம்மா போனில் கூப்பிட்டார். அவள் இப்போது ஏழாம் வகுப்பு. ஊசியை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தானாகவே வந்துவிட்டதாம். தாய்மாமன் மறுபடியும் சடங்கு செய்யணும் என்கிறாராம்.

"எது நெசம் டாக்டரம்மா? அப்ப வந்ததா, இப்ப வந்ததா?"

சடங்கெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"போன வாட்டி நான் தூங்கிட்டேன் டாக்டர். போட்டோல கூட கண்ண மூடிகினு கீறேன். இந்த வாட்டி முழிச்சிகினு உக்கார்றேன். நீங்களும் வாங்க."

(அவளிடமும் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

அன்று எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பதில் உடனே வந்தது. இன்று அவள் ஹார்மோன் அளவுகளைத் தசமப் புள்ளி வரை சொல்வேன். எது நிஜம் என்று மட்டும்...

அவள் கூப்பிட்ட அன்று மாலை ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கம் ஒரு வளையல் கடையில் நின்றேன். என்ன அளவு என்றார் கடைக்காரம்மா.

அந்தக் கையின் ஒவ்வொரு எலும்பையும் வருடக்கணக்கில் எக்ஸ்ரேயில் பார்த்தவள் நான்.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டு அளவு கேட்டேன்.