கரைக்கு முதுகு காட்டி

அன்று எங்கள் வள்ளத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அப்பா, சித்தப்பா, நான். நாகர்கோவிலிலிருந்து வந்த ஜவுளிக்கடை முதலாளி, அவருடைய மைத்துனர், அவர்களுக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர். எட்டுக்குமேல் ஒருவரும் இல்லை. எத்தனையோ தடவை விரல் மடக்கிப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் பேருந்தில் ஏறினால் முதலில் தலைகளைத்தான் எண்ணுகிறேன். எண்ணி முடித்தால்தான் கை பைக்குள் போய் டிக்கெட்டுக்குக் காசு எடுக்கும்.

நாகர்கோவில் மலையாள ராஜ்யத்தோடு இருந்த காலம் அது. எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்கு மேற்கே, கடற்கரையில். எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. மீனை விலைக்கு வாங்கித் தின்று சலித்துப்போன ஜவுளிக்கடை முதலாளிக்குத் தானே கடலுக்குப் போய்த் தூண்டில் போட்டுக் கலவா பிடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. நாலு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வந்து, ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் வாடகை என்று எங்கள் வள்ளத்தைப் பேசினார். அந்த மாதம் கரையில் சாளை மீன்கூட ஒழுங்காகப் படவில்லை. அப்பா சரி என்றார். சொன்ன நேரத்திலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கலவா கிடப்பது பாரில். பார் என்பது கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மேலே எல்லாம் ஒரே தண்ணீர்தான். கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றோடொன்று நேர் பிடித்துத்தான் அதன்மேல் போய் நிற்க முடியும். அதற்குக் கணியம் என்று பெயர். எங்கள் பாருக்கு, கோயில் கோபுரத்துக் குருசு, அதாவது சிலுவை, வேளிமலையின் பள்ளத்தில் விழ வேண்டும். அதே நேரம் கிழக்கே முட்டத்துக் கலங்கரை விளக்கு, கடலில் நிற்கும் ஒற்றைப் பாறையின் உச்சியில் ஏறி நிற்க வேண்டும். இரண்டும் கூடுகிற இடத்தில்தான் எங்கள் வீட்டுச் சோறு கிடந்தது. அது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் தெரியும். அந்த வருஷம்தான் அப்பா என்னையும் கொண்டுபோய்க் காட்டி, குருசடியில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

"வாயத் தொறந்து ஒருத்தன்ட்டயும் சொல்லப்பிடாது மக்கா. அம்மைட்டயும்."

நான் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து உறக்கத்தில் உளறிவிடுவேனோ என்று துணியை வாயில் கவ்விக்கொண்டு படுத்தேன்.

விடியக் கிளம்பிப் பாருக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா வந்தவர்கள் ஐந்து பேரையும் கரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்.

"கடலப் பாத்தே இரிங்க மொதலாளி. கரையப் பாத்தா தல கறங்கும்."

"வீட்டுல அவ மொகத்தப் பாத்தாலே எனக்குத் தல கறங்கும்வே. அதுக்காக்கும் இவ்வளவு தூரம் வந்தது!" என்றார் முதலாளி. வள்ளமே சிரித்தது. மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை. முதலாளியின் வீட்டுக்காரி அவருக்கு அக்காள்.

ஈயக்குண்டு அடியில் தட்டியதும் நூலை ஒரு முழம் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று சித்தப்பா ஒவ்வொருவருக்காகக் காட்டிக் கொடுத்தார். வாத்தியாரின் முதல் வீச்சு முதலாளியின் சட்டையில் மாட்டியது. "பெரிய கலவால்லா பட்டிருக்கு சார், இழுங்க!" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரத்தில் நிஜக் கலவாவே வரத் தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முதலாளி போட்ட சத்தத்தில் கடல் கலங்கியிருக்கும்.

மைத்துனருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், என் பக்கத்தில் வந்து குப்புறக் கிடந்தார். கடையில் கணக்கு எழுதுகிறவர். சட்டைப் பையில் சின்ன நோட்டும், ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலமாக ஒரு பென்சிலும் வைத்திருந்தார்.

"படம் வரைவியா தம்பி?"

"வரைவேன்."

"எனக்குத் தல தூக்க முடியல. கர எங்க இருக்குன்னு ஒண்ணு வரைஞ்சு காட்டு. அதப் பாத்தாவது உயிரு நிக்கட்டும்."

அழாத குறையாகச் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. சத்தியம் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அது வாய்க்குத்தான். பள்ளிக்கூடம் பார்த்திராத அப்பாவுக்குக் கையையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை. நான் நன்றாகப் படிக்கிற பையன். அதனால் ஒன்றையும் விடாமல் வரைந்தேன். சிவப்பில் குருசு, நீலத்தில் மலை, பள்ளத்தில் சரியாகக் குருசு. ஒற்றைப் பாறைமேல் விளக்கு. அவர் தாளைப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்தார். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பென்சிலை எனக்கே தந்துவிட்டார்.

அன்று இருபத்தேழு கலவா. கரையில் முதலாளி ஒற்றைப் பத்து ரூபாய் நோட்டாகக் கொடுத்தார். சித்தப்பா தன் பங்கை வாங்கவில்லை.

"எனக்குள்ளது உம்ம கையில இருக்கட்டும் அண்ணே. திருநாளுக்குத் துணி எடுக்கச்செ வாங்கிக்கிடுதேன்."

திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் எங்கள் பார்மேல் ஒன்பது வள்ளங்கள் நின்றன. எல்லாம் பக்கத்து ஊர் வள்ளங்கள். அப்பா தூண்டில் போடாமலே திரும்பி வந்தார். மணலில் உட்கார்ந்து, சித்தப்பாவைப் பார்த்து விரல் மடக்கினார்.

"அஞ்சு பேரும் முதுகு காட்டி இருந்தானுவ. நான் ஒண்ணு. நீ ஒண்ணு. ஏழு பேருலே. சொல்லு, எவ்வளவுக்கு வித்தே?"

"நான் வித்தேன்னா? அண்ணே, நீரு இதச் சொல்லலாமா?"

"பின்ன கலவாவாலே போய்ச் சொல்லிச்சு?"

ஏழு பேர். என்னை அவர் எண்ணவே இல்லை. நான் இரண்டடி தள்ளி, கையில் சாளைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். எட்டு என்று சொல்ல வாய் திறந்தேன்; வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் சத்தியம் என்பது நினைவுக்கு வந்தது. அதற்கு மட்டும் சத்தியம் உதவியது. சித்தப்பா தன் துடுப்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார். கொல்லம் பக்கம் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். பென்சிலை மணலில் புதைத்தேன். மூன்றாம் நாள் தோண்டிப் பார்த்தேன், அப்படியே இருந்தது.

திருநாளுக்குத் துணி எடுக்க அம்மா என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனாள். அப்பா வரவில்லை. முதலாளி கடையில் பணப்பெட்டிக்கு மேலே, சுவரில், கண்ணாடி போட்டு என் படம் தொங்கியது. அடியில் நின்று முதலாளி பக்கத்து ஊர்க் கடற்காரர் இரண்டு பேரிடம் கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தா, இந்த எடத்துலதான்வே. கலவா கொட்டிக் கெடக்கு. இருபத்தேழு! அன்னைக்கு வந்த ஒங்க ஊர்க்காரனுவளும் நம்பாமத்தான் நின்னு நின்னு பாத்தானுவ." பிறகு என்னைக் கண்டுவிட்டார். "இவனாக்கும் வரைஞ்சது! ஏட்டி தாயி, ஒன் மவன் கை பொன்னு!"

அந்த இரண்டு பேரும் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"துணி ஒண்ணும் கொள்ளாது. வா."

பேருந்தில் ஊர் வரும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. வலித்தது. அப்பா கேட்டபோதும் துணி கொள்ளாது, ஒன்றும் நன்றாக இல்லை என்றுதான் சொன்னாள். அந்தத் திருநாளைப் பழைய துணியிலேயே கழித்தோம். வள்ளத்தில் ஆள் குறைந்துபோனதால் அடுத்த வாரமே அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். கணியமே தெரியாத அம்மாவுக்கு அந்தப் படத்தில் என்ன விளங்கியிருக்கும் என்று எண்ணி, நான் பல வருஷம் மனதைத் தேற்றிக்கொண்டேன். பெற்ற பிள்ளையையும் கொழுந்தனையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஒருத்தி வாயை மூடிக்கொள்வாள் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. கொல்லத்திலிருந்து சித்தப்பாவின் சாவுச் செய்தி தபாலில் வந்தபோதும் அப்பா போகவில்லை. அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. அந்தப் பத்து ரூபாயில் வள்ளத்துக்கு இரண்டு பங்கு, அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று.

சித்தப்பாவுக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி, இரண்டரை ரூபாய்.