பாகில் ஒட்டிய சம்மதம்

எங்கள் முருங்கை, நாங்கள் குடியேறிய செவன் ஹில்ஸ் குளிரில் மூன்று தடவை பட்டுப்போய், நாலாம் வருடம்தான் பூத்தது. பூத்தது ஒரேயொரு கிளை. அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம், அயல்வீட்டு ஜப்பானிய அம்மாவின் கூரைக்கு மேலே. ஆகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் மூடிய கிண்ணத்துடன் வாசலில் நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது, கிளைக்கு ஆபத்து. ஆறு வருடமாகக் கை மட்டும் காட்டியவர் சும்மா இனிப்புக் கொண்டு வருவாரா?

பொரித்த வத்தாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளித் துண்டுகள். சீனிப்பாகில் பிரட்டி, மேலே கறுப்பு எள்ளுத் தூவியிருந்தது. ஜப்பானில் இதற்குப் பல்கலைக்கழகக் கிழங்கு என்று பெயராம். நான் போகாத இடத்துக்குக் கிழங்கு போயிருக்கிறது.

மனைவி முதுகுக்குப் பின்னால் நின்று குசுகுசுத்தார்.

"சனிக்கிழமையில ஆரும் எள்ளுத் தருவினமே? தன்ர சனியை எங்களிட்டத் தள்ளுறா. வாங்காதேங்கோ."

"அவவுக்குச் சனியைப் பற்றி என்னப்பா தெரியும்? கண் முருங்கையில."

"உங்கட கண் கிண்ணத்தில."

சந்தேகத்தைக் காட்டக் கூடாதென்று பெரிய துண்டாகப் பார்த்து வாயில் போட்டேன். பாகு முதலில் கண்ணாடி, கடித்தால் பசை. என் மேல்வரிசை கட்டுப்பல். அது கீழ்வரிசையோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். இலை விழுந்து கூரையோரத் தண்ணீர்ப் பீலி அடைத்து, மழைத்தண்ணீர் வழிகிறதாம். பூத்த கிளை என்று தெரியுமாம், மன்னிக்க வேண்டுமாம். வெட்டலாமா?

வாயைப் பலமாகத் திறந்தால் பல் கிண்ணத்தில் விழும். யாராவது பேசினால், கேட்கிறேன் என்பதற்கு நம்மாட்கள் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டுவோமே, அதை வசனத்துக்கு வசனம் செய்துகொண்டிருந்தேன். கடைசிக் கேள்விக்கும் தலை பழக்கதோஷத்தில் ஆடிவிட்டது. அவர் மூன்று தரம் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

நான் பல்லைக் கழற்றிக் கழுவிப் பூட்டுவதற்குள் வேலிக்கு அப்பால் ஏணி எழும்பிவிட்டது.

"ஓடிப்போய்ச் சொல்லுங்கோ," என்றார் மனைவி, "நான் ஓமெண்டு சொல்லேல்லை எண்டு."

ஓடினேன். எழுபதை நெருங்கிய மனுஷி, ஒரு கையில் கிளை அரியும் வாளோடு மேற்படியில் நின்றார். ஏணி கிடுகிடுத்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிடிக்க வந்தீர்களா, மிக்க நன்றி என்றார்.

வாயில் இப்போது எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஏணியைப் பிடித்தேன்.