கோதண்டம் தண்ணீரில் இறக்கிய வண்டி

"ஷுக்கூர் பாய் போட்ட பேரிங் மூணு மாசம் தாங்காது" என்று பழவேற்காடு கடைத்தெருவில் நின்று கோதண்டம் சொன்னால் போதும், மொத்த ஊருக்கும் கேட்கும். எதிர்க்காற்றில் கத்திப் பழகிய தொண்டை அது. கார், போட் மோட்டார் இரண்டுக்கும் முப்பது வருடமாக இங்கே நான்தான் வைத்தியம் பார்க்கிறேன். அப்படிச் சேர்த்த பெயரை இந்த மனுஷன் ஒற்றைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு கெடுத்தால் எனக்கு வயிறு எரியாதா?

கோதண்டம் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர், மீன்பிடிக்கிறவர். ஐஸ் பெட்டி ஏற்ற வண்டி வேண்டுமென்று சென்னைக்குப் போனவர், யாரோ கழித்துக்கட்டிய பதினாறு வருடத்து எஸ்யூவியை ஓட்டி வந்தார். அதில் ஏசி சத்தம் மட்டும்தான் போடும். பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். வெயில் காலத்தில் வைப்பர் பிரமாதமாக ஓடும். இதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னதே இல்லை. "வயசான வண்டி பாய், அனுசரிச்சுத்தான் போவணும்" என்பார். பேரிங்குக்கு மட்டும் என் சட்டையைப் பிடிப்பார்.

முதல் தடவை முன்சக்கரம் ஊளையிட்டுக்கொண்டே வந்தது. புது பேரிங் போட்டேன். மூன்றே மாதத்தில் மறுபடி ஊளை. கழற்றினால் உள்ளே கிரீஸைக் காணோம், குண்டெல்லாம் துரு. வேறு கடையில் வாங்கிப் போட்டேன். அதுவும் போச்சு.

"இன்னா பாய், டூப்ளிகேட்டா?" என்றார், ஷெட்டில் நாலு பேர் இருக்கும்போது. எனக்கு வந்த ஆத்திரத்தை ஸ்பானரிடம் காட்டினேன்.

மூன்றாவது பேரிங்கை மாட்டி அனுப்பிய கையோடு பைக்கில் பின்னாலேயே போனேன். குப்பத்தை ஒட்டிய உப்பு ஏரியில் பாதிச் சக்கரம் முழுக வண்டி நின்றிருந்தது. பானெட்டில் மாலை. கரையில் அவர் மனைவி தேவகி கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார்.

"இன்னாண்ணே பண்றீங்க?"

"வாங்க பாய். போட்டு ரிப்பேர் ஆனா அன்னிக்கே தண்ணில எறக்கித் தேங்கா ஒடைக்கணும். எறக்கலன்னா வேலை செஞ்சவரு கைய நாம நம்பலன்னு அர்த்தம். உங்களுக்கு அந்த அவமானம் வரலாமா? அதான் ஒவ்வொரு தடவையும் எறக்கிடறேன்."

பாவி மனுஷன், எனக்கு மரியாதை செய்துதான் என் மானத்தை வாங்கியிருக்கிறார். ஓடிவந்த சூட்டோடு இறக்கினால் உப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கெடுத்துத் துருப்பிடிக்க வைப்பதை எடுத்துச் சொன்னேன். கோதண்டம் பானெட்டிலிருந்த மாலையைக் கழற்றினார்.

"அப்போ உங்க பேர நான்தான் கெடுத்தேனா?" என்று கேட்டார்.

"காரு இன்னா நீந்தவா போவுதுனு நான் அன்னிக்கே கேட்டேன்" என்றார் தேவகி.

மறுநாளே நாலாவது பேரிங் போட்டேன். வண்டி தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று கோதண்டம் அதே கடைத்தெருவில், அதே தொண்டையில் சொன்னார். ஒரு வருடமாக சக்கரம் முணுமுணுக்கக்கூட இல்லை.

ஆனால் குப்பத்திலிருந்து ஒரு போட் மோட்டாரும் என் ஷெட்டுக்கு வரவில்லை. எல்லாம் பொன்னேரிக்குப் போவதாகக் கேள்வி. வழியில் குப்பத்து முத்துராஜை மடக்கினேன். பதினைந்து வருடமாக அவன் மோட்டாரை நான்தான் பார்த்துவந்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க பாய்" என்றான் தரையைப் பார்த்தபடி. "உங்க வேலைய நம்பி கோதண்டம் அண்ணனே இந்தத் தடவ வண்டிய தண்ணில எறக்கல. நாங்க எப்படி மோட்டார நம்பி கடலுக்குப் போறது?"

"தப்பு தன்னோடதுன்னு அவரே சொன்னாரேப்பா."

"அவரு நல்ல மனுஷன் பாய். உங்கள விட்டுக்குடுக்க மாட்டாரு."

ஷெட்டுக்குத் திரும்பியதும் கோதண்டத்துக்கு போன் போட்டேன்.

"அண்ணே, நாளைக்கு போட்டெல்லாம் கரைக்கு வந்ததும் எல்லாரும் பாக்கற மாதிரி வண்டிய ஏரியில எறக்குங்க. தேங்கா நான் வாங்கியாறேன்."

"பேரிங் போயிடுமே பாய்?"

"போவட்டும். அஞ்சாவது எடுத்து வச்சிருக்கேன்."