வெளியே கொண்டி வைத்த பாவக்காய்க் கூடு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருபதடி நீளத்தில், பன்னிரண்டடி அகலத்தில் ஒரு கூடு நிற்கிறது. இரும்புக் குழாய்கள், மேலே பச்சை நிழல்வலை, பக்கங்களில் கொசுவலை மாதிரி வெள்ளை வலை, அதற்கு வெளியே இடுப்பளவுக்குக் கம்பிவலை. காய்கறி வளர்ப்பதற்காக நானே கட்டியது. அதற்குள் இதுவரை தவறாமல் வளர்ந்தது என் முதுகுவலி மட்டும்தான்.

அதைக் கட்ட வேண்டி வந்தது என் வாயால்.

கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. அது பிழைப்பு. ஆனால் ஊர் என்னை அறிவது வேறு வேலைக்கு. எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணமோ வழியனுப்போ, மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். நாலு பேரைக் கிண்டல் செய்து நானூறு பேரைச் சிரிக்க வைப்பேன். அந்த நாலு பேர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று நான் யோசித்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் சபையில் முதற்பலன் பெருநாள். அவரவர் தோட்டத்தில் விளைந்த மரச்சீனி, வாழைக்குலை, தேங்காய், சில வீட்டிலிருந்து கோழி, எல்லாம் பலிபீடத்துக்கு முன்னால் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலம் விளித்துக் கூவுகிறவன் நான்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கூடை தக்காளி வைத்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். தக்காளிகள் ஒன்றுபோல ஒன்று, எண்ணெய் தேய்த்தது மாதிரி. தூக்கிப் பார்த்தேன். கூடைக்கு அடியில் தமிழ்ப் பேப்பர் விரித்திருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் வருவதெல்லாம் மலையாளப் பேப்பர்தான். தமிழ்ப் பேப்பரில் பொதிந்து வந்தால் அது எல்லை தாண்டி, களியக்காவிளைச் சந்தையிலிருந்து வந்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விட்டேனா? மைக்கில் சொன்னேன்: "அண்ணனுக்க தக்காளி கொள்ளாம், நல்லாருக்கு. தமிழ் வாசிக்கும், கேட்டியளா!"

முற்றமே குலுங்கியது. அண்ணன் தரையைப் பார்த்து நின்றார். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், மெல்ல எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். நான் அடுத்த வாழைக்குலையைத் தூக்கிவிட்டேன்.

கடைசியில் போதகர் மைக்கை வாங்கினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அடுத்த வருஷம் நம்ம ஏலக்காரர் சொந்தக் கையால வெளைவிச்ச காய்கறி கொண்டு வருவார். சபை சாட்சி!"

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்தியது மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள். "நிங்களுக்கு வாய வச்சிட்டு சும்மா இருக்க முடியாதா? மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடின்னாவது தெரியுமா?"

தெரியாது. ஆனால் எதிரிகளைத் தெரியும். எங்கள் பின்பக்கத்தில் மழை பெய்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒச்சு, அதாவது நத்தை, ஊர்ந்து வரும். வெயில் அடித்தால் கோழி கிளறும். இடையில் மயில். ஆகவே எதுவும் நுழைய முடியாதபடி கட்டுவதென்று முடிவு செய்தேன். வெல்டிங்காரர் குழாய்களை நட்டுக் கொடுத்தார். வலையை என் மனைவி தன்னுடைய தையல் மெஷினில் ஒரு வாரம் உட்கார்ந்து மூட்டித் தந்தாள். கதவுக்குக் கொண்டி நான் பிடிப்பித்தேன், வெளிப்பக்கம். உள்ளே இருக்கப்போவது செடி. செடி எதற்குக் கொண்டி போடப் போகிறது?

பாவக்காய், அதாவது பாகற்காய், நட்டேன். கொடி ஏறியது. மஞ்சள் பூவாகப் பூத்தது. காயைக் காணவில்லை. விவசாய ஆபீசான கிருஷி பவனிலிருந்து ஒரு மேடம் வேறு வேலையாக அந்த வழி வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"சேட்டா, இதினகத்து தேனீச்ச எங்ஙனெ கேறும்?"

"கேறாது மேடம். ஒண்ணும் உள்ள நுழையாது," என்றேன், பெருமையாக.

"அப்போ காய் எங்ஙனெ பிடிக்கும்?"

அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. இதிலிருந்து அதற்குத் தேனீ கொண்டுபோகும் பொடியை இனி நான் கொண்டுபோக வேண்டும். விடிந்ததும், பூ வாடுவதற்குள்.

அன்றிலிருந்து காது குடையும் பஞ்சுக்குச்சியோடு காலை ஆறு மணிக்குக் கூட்டுக்குள் நுழைவேன். எட்டரை வரை தேனீ வேலை. மருமகன்முறைப் பையன் கல்யாணத்துக்குத் திருச்சூர் போகவில்லை. கடையைப் பத்து மணிக்கு முன்னால் திறந்ததில்லை. முதல் இரண்டு வாரம் ஆண்பூவிலிருந்து ஆண்பூவுக்கே மாறி மாறிப் பொடி கொண்டுபோயிருக்கிறேன் என்பது மூன்றாம் வாரம்தான் புரிந்தது. பிறகு ஒழுங்காகச் செய்தும், பிடித்த பிஞ்சுகள் விரல்நுனி அளவுக்கு வந்து மஞ்சளாகி விழுந்தன. மழை ஈரமும் வலையின் இருட்டும் சேர்ந்த கோளாறாம்.

பெருநாள் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. போதகர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலுபேரோடு வந்து தோட்டத்தில் ஜெபிக்கிறேன் என்று ஆள் அனுப்பினார். தோட்டத்தில் இலை மட்டும்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஸ்கூட்டரில் களியக்காவிளைச் சந்தைக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பாவக்காய்க் குவியலுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் ஹெல்மெட் போட்டபடி குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய சட்டையை எனக்குத் தெரியும், சபையில் எனக்கு முன்வரிசை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, மனைவியின் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல் எடுத்து, ஆறு பாவக்காயைக் காம்போடு கொடியில் கட்டிக்கொண்டிருந்தேன். கூட்டின் தூரத்து மூலையில், இலைக்கு நடுவில் குந்தியிருந்தேன். அப்போது கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. டக்.

மனைவி நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எட்டேகாலுக்கு பஸ். போகிற போக்கில், கோழி நுழையாமலிருக்கக் கொண்டியைப் போட்டுவிட்டுப் போவது அவளுடைய வழக்கம். அன்றைக்கும் போட்டாள். கூப்பிட வாயைத் திறந்தேன். கையில் நூலும் பாவக்காயும். கூப்பிட்டால் வருவாள், வந்தால் பார்ப்பாள். நான் யோசித்து முடிப்பதற்குள் கேட் சாத்துகிற சத்தமும் கேட்டுவிட்டது.

போன் சாப்பாட்டு மேஜையில். அவள் திரும்பி வர சாயங்காலம் நாலரை ஆகும். போதகர் ஐந்துக்கு. வலையைக் கிழித்தால் ஆள் வெளியே வரலாம். ஆனால் அது அவள் ஒரு வாரம் மூட்டிய வலை. கிழித்த கூட்டைப் போதகருக்கு என்ன சொல்லிக் காட்டுவது? கத்திக் கூப்பிட்டால் ஊர் கூடும். ஏலக்காரன் சொந்தக் கூட்டில் அகப்பட்டான் என்று இன்னும் பத்து வருஷத்துக்கு மைக் இல்லாமலே சொல்லிச் சிரிக்கும்.

வெயில் ஏறியது. வலைக்குள் காற்று நின்றுவிட்டது. சாணகமும் ஈர மண்ணும் சேர்ந்து மூச்சை அடைத்தது. எங்கள் சிவப்புக் கோழி கம்பிவலைக்கு வெளியே வந்து நின்று, தலையைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறுகண்ணால் பார்த்தது.

"எலே, உள்ள யாரு?"

பக்கத்து வீட்டு அண்ணன். மதிலுக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, இவர்.

"நாந்தான் அண்ணா."

"கொண்டி வெளிய போட்டிருக்கு?"

"அவ போட்டுட்டுப் போயிட்டா. ஒண்ணு வந்து தொறந்து தாருங்க."

சுற்றி வந்தார். கொண்டியில் கை வைத்தவர், நின்றார். வலைக்கு மூக்கைக் கொண்டுவந்து உள்ளே பார்த்தார்.

"இதென்ன மக்கா, பாவக்காய்க்கெல்லாம் தாலி கெட்டி வச்சிருக்க?"

நான் மீதி நூலைக் கைக்குள் சுருட்டினேன்.

"எந்த ஊரு பாவக்காயாக்கும்? தமிழ் வாசிக்குமா?"

ஒரு வருஷமாக அந்த வரியை வைத்திருந்திருக்கிறார். என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கொண்டியிலிருந்து கையை எடுத்தார்.

"தக்காளி அவ நட்டதுதான். நாப்பது மூடு. பூக்கிற சமயத்துல அவள ஆஸ்பத்திரில போட்டாச்சு. நான் அங்ஙன இருந்தேன். வந்து பாத்தப்ப எல்லாம் காஞ்சு உணங்கி நிக்குது. பெருநாளுக்கு வெறுங்கையோட போகாண்டாம்னு அவதான் சொன்னா. சந்தைக்குப் போனேன். ஒனக்கு அது தெரியாது. சரிதான். ஆனா அவ பின்ன கோயிலுக்கு வந்தத நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. வரவில்லை என்பதையும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற விஷயம்.

"அண்ணா..." என்று ஆரம்பித்தேன். மைக் பிடித்து இருபது வருஷமாகிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"சாய ஆறுது. குடிச்சிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொண்டி அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, கையில் கடிகாரம் இல்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. எங்கே திரும்பினாலும் பச்சை நூல் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஆறு பாவக்காயையும் உரச்சாக்குக்குள் போட்டு மூடினேன். இனி போதகர் வந்து இலையைப் பார்த்து ஜெபிக்கட்டும். அக்கா அன்றைக்கு கேட்டைப் பார்த்து நடந்தது, பின்னலில் ஒரு வெள்ளைப் பூ இருந்தது உட்பட, இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கே பார்த்திருக்கிறேன், பார்த்தபடியேதான் வாழைக்குலையைத் தூக்கியிருக்கிறேன்.

கொண்டி திறந்தது. அண்ணன் இரண்டு கிளாஸ் சாயாவோடு நின்றார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"அக்காகிட்ட நான் வந்து பேசுதேன்," என்றேன்.

"பேசு. மைக் எடுக்காம வா."

குடித்து முடித்ததும், "இஞ்ச வா, ஒண்ணு காட்டித் தாறேன்," என்று அவர் வீட்டுப் பக்கம் கூட்டிப் போனார். கூட்டின் மூலையில், மதிலோரம், வலையின் மூட்டு ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. அதன் வழியாக ஒரு கொடி வெளியேறி, மதில் தாண்டி, அவர் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் ஏறிப் படர்ந்திருந்தது. அதில் ஐந்து பாவக்காய், முக்கால் முழ நீளத்தில், முள்ளு முள்ளாகத் தொங்கின. தேனீக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் குச்சியோடு குந்தியிருந்த இடத்துக்கும் அந்த மரத்துக்கும் ஆறடி இருக்கும்.

"ஏழு காச்சுது. ரெண்டு நாங்க கறி வச்சோம்," என்றார் அண்ணன். "நீ எப்பம் பாப்பேன்னு பாத்துட்டு இருந்தோம். நீ எங்க பாக்க, உள்ள பூவுக்குக் காது கொடஞ்சிட்டுல்லா இருந்த."

"உங்க பக்கம் காச்சது உங்களுக்குத்தான் அண்ணா."

"எனக்க பேருல வச்சா நீ ஏலத்துல என்ன பறைவியோ, பயம்," என்றார். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

இருவரும் சேர்ந்து, காம்பு ஒடியாமல் கொடியை மரத்திலிருந்து விடுவித்து, மதிலுக்கு மேலாக, கிழிந்த மூட்டு வழியாக மெல்ல உள்ளே இறக்கினோம். வெளியே நன்றாக இருந்த ஐந்தும் கூட்டுக்குள் வந்து தொங்கின. எனக்கு அதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. சாயங்காலம் போதகர் வந்து அவற்றைத் தொட்டு ஜெபித்தார். மனைவி என்னையும் காயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு, உரச்சாக்கை அவள் பிறகு திறந்தாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் தோரன் என்கிற பாவக்காய்ப் பொரியல்தான்.

சனிக்கிழமை மதிலைச் சுற்றிப் போய் அக்காவிடம் பேசினேன். சரியாகப் பேசவில்லை, உளறினேன். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "சாய குடிக்கியா?" என்றார். பெருநாளுக்கு வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. மூன்றாவது தேங்காய்க்கே கூட்டம் நெளிய ஆரம்பித்தது. "இன்னைக்கு இவனுக்கு சொகமில்லியா?" என்று ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார். என் பாவக்காய் வந்தபோது போதகரே தூக்கிக் காட்டினார். சொந்தக் கூட்டில் விளைந்தது என்றார். கைதட்டல். வெளியே விளைந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்வரிசையில் அண்ணன் கையைத் தூக்கி ஏலம் கேட்டுவிட்டார், அடுத்து யாரும் கேட்பதற்குள் முன்னால் வந்து வாங்கிப் பையிலும் போட்டுவிட்டார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அக்கா.

அத்தோடு விடவில்லை போதகர். இனி சபையில் வீட்டுக்கு ஒரு வலைக்கூடு, அடுத்த பெருநாளுக்குச் சந்தைக்காய் வேண்டாம், கூடு கட்டும் கமிட்டிக்கு நான் கன்வீனர் என்று அறிவித்தார். சந்தையில் பார்த்த அந்தச் சட்டைக்காரர் தலையைக் குனிந்தார். நான் மறுக்க மைக்கைத் தேடினேன். அது போதகர் கையில் இருந்தது.

பெண்கள் ஐக்கியத்துச் செக்ரட்டரி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவோடு வந்தார். "கூடு கெட்டும்போ முக்கியமா என்ன பாக்கணும்? பறயுங்க, எழுதட்டு."

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்.

"உள்பக்கமும் ஒரு கொண்டி வைக்கணும்," என்றேன்.

முற்றம் முழுவதும் சிரித்தது. காலையிலிருந்து காத்திருந்த சிரிப்பு. அது கிண்டலில்லை என்று தெரிந்த அண்ணனும் அக்காவும் மட்டும் சிரிக்கவில்லை.